இடது கட்டைவிரலுக்கு ஒரு பட்டன்

என் வீட்டுக்காரர் டோம்ஃபேக்கு இங்கே கானாவில், குமாசி நகரத்து ஆசாஃபோ சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கோல்ட் ஸ்டோரில் வேலை. உறைந்த மீன் பெட்டிகளைத் தூக்கி அடுக்க வேண்டும், பாறை மாதிரி ஒட்டிக்கிடக்கும் மீனை உடைத்து நிறுத்துக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விரல்கள் விறைத்துப்போயிருக்கும், சட்டை பட்டனைக் கூட நான்தான் கழற்றிவிட வேண்டும். ஒரு சட்டியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தால் கையை அதில் விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். அப்போது யாரும் பேசக் கூடாது. தண்ணீர் ஆறியதும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பாஃபோவின் கேம் சென்டருக்குக் கிளம்புவார்.

தலை பின்னிக்கொள்ள என் சலூனுக்கு வரும் பெண்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நாற்பதைத் தாண்டிய ஆம்பிளை சின்னப் பையன்களோடு உட்கார்ந்து சுட்டுச் சுட்டு விளையாடுகிறானாமே என்று. குடிக்கப் போனால் இவளுகளுக்குப் பரவாயில்லை, வேறொருத்தி வீட்டுக்குப் போனால் கூடப் பரவாயில்லை, அதெல்லாம் ஆம்பிளை செய்கிற காரியம். கேம் ஆடினால்தான் அதிசயம். நான் கொஞ்சம் இறுக்கிப் பின்னிவிடுவேன். எனக்கும் எரிச்சல் உண்டுதான். ஆனால் அந்த சென்டர் கதவைத் தள்ளி உள்ளே போகும்போது இவர் முதுகு நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன். வேறெங்கும் அந்த முதுகு நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

காரணம் இவர் கை. பிறவியிலேயே இடது கைக்காரர். எங்கள் ஊரில் ஒருவருக்கு எதையாவது இடது கையால் நீட்டினால் முகத்தில் துப்பியது மாதிரி. வளர்த்த பெரியம்மா அகப்பையால் அந்தக் கையில் போட்டுப் போட்டே வளர்த்தாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பை எடுத்தார். கடைசியில் சாப்பிடுவது, எழுதுவது, பணம் கொடுப்பது, பெரியவர்களுக்குக் கை குலுக்குவது எல்லாமே வலது கைக்கு வந்துவிட்டது. யார் கண்ணும் படாத காரியம் மட்டும் இடது கைக்கு மிச்சம். கேம் சென்டரில் ஒவ்வொருத்தனும் தன் திரையை வெறித்துக்கொண்டிருப்பான், அடுத்தவன் எந்தக் கையால் ஆடுகிறான் என்று பார்க்க யாருக்கு நேரம்? அங்கே இவர் இடது கையால் ஆடினார். நன்றாகவே ஆடினார் என்கிறார்கள். எனக்கு அதில் ஒரு மண்ணும் புரியாது.

ஆனால் சென்டரில் இருக்கும் மவுஸ் அத்தனையும் வலது கைக்கு வளைத்துச் செய்தவை. இவர் அதை இடது கையில் பிடித்து ஆடுவது செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுவது மாதிரி. போதாததற்கு, குண்டு எறிகிற பட்டன் மவுஸின் இடது விலாவில் இருக்கிறது, வலது கைக்காரனின் கட்டைவிரல் அங்கேதான் போய் உட்காரும். இவர் கட்டைவிரல் விழுகிற வலது விலாவில் ஒன்றும் கிடையாது. கீபோர்டில் எங்கோ மூலையில் இருக்கிற ஒரு கட்டையைத் தட்டித்தான் இவர் குண்டு எறிய வேண்டும். அதற்குள் எதிராளி சுட்டுவிடுவான்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சுவாமே என்கிற பேட்டையில் இருக்கும் சென்டரோடு போட்டி வைத்திருந்தார்கள், பக்கத்துக்கு ஐந்து பேர். சென்டரை நடத்துகிற பாஃபோவுக்கு இருபது வயதுகூட இருக்காது, நல்ல பையன். இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான்.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. குண்டு எறிய உங்களுக்கு நேரமாகுது. உங்க கைக்குத் தோதா ஒரு மவுஸ் வாங்கிட்டு வந்துட்டீங்கன்னா நீங்கதான் அஞ்சாவது ஆளு. இல்லைன்னா ரஷீத்தை உக்கார வைக்கணும்.”

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது இவர் குரலில் கோபமே இல்லை. அங்கேயும் ஓரமாக நிற்கச் சொன்னால் இனிமேல் போக மாட்டேன் என்று மட்டும் சொன்னார். கோல்ட் ஸ்டோர், வெந்நீர்ச் சட்டி, படுக்கை, இது மட்டுமே மிஞ்சினால் இந்த மனுஷன் என்ன ஆவார்?

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு வந்தார். பேரம் பேச நானும் கூடவே ‘ஆடும்’ என்கிற பேட்டையின் கடைத்தெருவுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த நல்ல மவுஸ்களின் விலை இவர் பாதி மாதச் சம்பளம், அவையும் வலது கைக்குத்தான். இடது கைக்கென்றே செய்தது இருக்கிறதா என்று கேட்டால் கடைப் பையன்கள் சிரித்தார்கள். ஒருவன், “மவுஸை மாத்துறதை விட கையை மாத்திக்கிறது மலிவு, மாமா” என்றான். இவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அவன் வாயில் ஒன்று போடலாம் போல இருந்தது.

பஸ் நிலையத்துப் பக்கம் செச்சிவா ஆன்ட்டி கடை வைத்திருக்கிறாள். என் அம்மா வயசு, கண்ணாடி மூக்கு நுனியில் தொங்கும். ரெண்டு கைக்கும் ஆகிற மாதிரி, உடம்பு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிற மவுஸ் அவளிடம் இரண்டு இருந்தது. விலையும் எங்களுக்கு எட்டுகிற விலை. முதலாவதை எடுத்து இவரிடம் நீட்டினாள். பெரியவள் கொடுக்கிறாள், இவர் வலது கையால் வாங்கினார். வாங்கிய கையிலேயே வைத்து மேஜை மேல் தேய்த்துப் பார்த்தார். இரண்டு விலாவிலும் பட்டன் இருந்தது அதில். எப்படிப் பிடித்தாலும் மோதிர விரல் போய் அந்தப் பக்கத்துப் பட்டனை அழுத்திவிட்டது. இது தானாகவே அமுங்குகிறது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது கச்சிதமாக இருந்தது. கட்டைவிரல் போய் நேராகப் பட்டன் மேல் உட்கார்ந்தது. இவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து நான் பேரத்தைக்கூடச் சீக்கிரம் முடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்து இடது கையைப் போட்டார். கட்டைவிரல் வெறும் பிளாஸ்டிக்கைத் தடவியது. பட்டன் அந்தப் பக்கத்து விலாவில் மட்டும்தான். இவர் கொஞ்ச நேரம் விரலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. இவருக்கு வேண்டியதைத்தான் அவள் முதலில் கையில் கொடுத்திருக்கிறாள், அதை வலது கையால் சோதித்துப் பார்த்து வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அட கடவுளே, கடை வரைக்கும் போய் அடுத்தவன் கைக்கு மவுஸ் வாங்கிக்கொண்டு வந்த ஆளை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

சனிக்கிழமை வேலை முடிந்ததும் மறுபடி போனோம். செச்சிவா ஆன்ட்டி முகம் கொடுக்கவில்லை. கையில் கொடுத்தேன், போட்டுப் பார்த்தாய், நன்றாக இருக்கிறது என்று உன் வாயாலேயே சொன்னாய், இப்போது என்ன குறை என்று கேட்டாள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. மவுஸைப் பிடுங்கி அவள் மேஜை மேல் வைத்து என் இடது கையை அதன் மேல் போட்டு, இதுதான் குறை என்று காட்டினேன். பெரியவள் மேஜையில் இடது கையா என்று பக்கத்துக் கடைக்காரி உச்சுக்கொட்டினாள். என் புருஷன் அவமானத்தில் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

செச்சிவா ஆன்ட்டி என்னை விட்டுவிட்டு இவரைப் பார்த்தாள். “நீ இடது கைக்காரனா? அப்புறம் நேத்து ஏன்டா வலது கையில போட்டுப் பார்த்தே?”

“உங்க முன்னாடி இடது கையை எப்படி ஆன்ட்டி நீட்டுறது?” என்றார் இவர்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துணியால் துடைத்தாள். அதற்கு மேல் திட்டவில்லை. மாற்றிக் கொடுத்திருப்பாள், ஆனால் முதலாவது மவுஸ் அன்று காலையிலேயே விலை போய்விட்டது. அக்ராவிலிருந்து அடுத்த சரக்கு வரும்போது எடுத்து வைக்கிறேன் என்றாள். அடுத்த சரக்கு வந்து யாருக்கு என்ன லாபம், போட்டி நாளைக்கு.

அன்று சாயங்காலம் இவர் வெந்நீரில் கையை வைக்கவே இல்லை. இருப்பதை வைத்துத்தான் ஆட வேண்டும் என்று மேஜையில் உட்கார்ந்து, மவுஸை இடது கையில் பிடித்து, மோதிர விரலால் அந்தப் பட்டனை அழுத்திப் பழகினார். டக், டக், டக். விறைத்த விரல், பாதி தடவை நழுவிப்போகும். சூப் ஆறிவிட்டது என்று நான் சத்தம் போட்டும் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக சென்டருக்குப் போனோம். நான் சுவரோரம் நின்றேன். முதல் சுற்றிலேயே இவர் எறிந்த குண்டில் எதிர்ப்பக்கம் இரண்டு பேர் விழுந்தார்கள். பையன்கள் “மாமா, மாமா” என்று கூச்சல் போட்டார்கள். மோதிர விரல் வேலை செய்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு கேமுக்காக அழுதேன் என்று.

இரண்டாவது சுற்று ஆரம்பித்ததும் பாஃபோவின் தாய்மாமன் வந்தார், அவர்கள் குலத்துக்கே பெரியவர். ஒரு சாவு வீட்டுக்காக சர்ச்சில் வைத்த நன்றி வழிபாட்டிலிருந்து வருகிறார், கறுப்பு வெள்ளைத் துணியை ஒரு தோளில் வழித்துப் போட்டிருந்தார். மருமகன் கடையில் ஏதோ போட்டி என்று கேள்விப்பட்டு எட்டிப் பார்க்க வந்தவர். வந்தவர் ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டே வந்து என் வீட்டுக்காரர் பின்னால் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. கையைக் கூடப் பார்த்தாரோ என்னவோ.

இவர் ஓரக்கண்ணால் அந்தத் துணியைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், மவுஸ் வலது கைக்குப் போய்விட்டது. திரையில் இவர் ஆள் வானத்தைப் பார்த்துச் சுற்றினான், சுவரில் போய் முட்டினான், சுடப்பட்டுச் செத்தான். அடுத்த சுற்றிலும் பெரியவர் நகரவில்லை, மவுஸும் இடம் மாறவில்லை. நான் சுவரோரத்தில் நின்று பல்லைக் கடித்தேன். கையை மாத்துங்க என்று கத்த வாய் வரைக்கும் வந்தது, பெரியவரைப் பார்த்து நானும்தான் அடங்கிப்போனேன்.

இடைவேளையில் பாஃபோ தயங்கித் தயங்கி வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் இவரே எழுந்து ரஷீத்தை உட்காரச் சொன்னார். மவுஸை எடுத்து அவன் பக்கம் தள்ளி, இது உன் கைக்குச் சரியாக இருக்கும் என்றார். சரியாகத்தான் இருந்தது. ரஷீத்தின் கட்டைவிரல் பட்டன் மேல் நேராக உட்கார, எறிந்த குண்டெல்லாம் போய் விழுந்தது. ஜெயித்துவிட்டார்கள். இவரும் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினார். மவுஸை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ரோட்டில் வீட்டைப் பார்த்து நடந்தோம். ஏன் கையை மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

“தெரியலை. யாரும் சொல்லலை. அதுவா போயிடுச்சு.”

அதைச் சொல்லும்போது இவருக்கு மூச்சு வாங்கியது. நாள் பூராவும் பெட்டி தூக்கிய அன்றைக்குக் கூட இவர் இவ்வளவு களைத்து நான் பார்த்ததில்லை. தலையில் பெட்டியோடு தண்ணீர் விற்றுக்கொண்டு போன பெண்ணை நிறுத்தி இரண்டு பாக்கெட் வாங்கினார். ஒன்றை என்னிடம் நீட்டினார், வலது கையால்.

“வேண்டாம். அந்தக் கையால குடுங்க,” என்றேன்.

“ரோட்டுல ஆளுங்க இருக்காங்க.”

“இருக்கட்டும்.”

பாக்கெட்டை இடது கைக்கு மாற்றினார். கை பாதி தூரம் வந்து நின்றது. வேறு வழியில்லாமல் இடது கையால் எதையாவது கொடுப்பவர்கள் எங்கள் ஊரில் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள், ஆனால் அதெல்லாம் ஊராரிடம், கட்டிய பெண்டாட்டியிடம் இல்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“மன்னிச்சுக்க, இடது கை,” என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை, அதை யார் மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை. வாங்கிப் பல்லால் கிழித்து, ரோட்டோரத்திலேயே நின்று முழுவதையும் குடித்தேன்.