வாடிப்போன கப்பல் பிளான்

நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் தச்சனாக இருக்கிறேன். இங்கே தச்சனை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கதவு, ஏணி, பெட்டி எது கேட்டாலும் செய்வேன். கப்பல் கேட்டது ஒரே ஆள்தான், பதுளை டவுனில் இருக்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் பெரியவர். கடற்படையின் மீட்பு இழுவைக் கப்பலில், இஞ்சின் ரூமில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். புயலில் மாட்டிய படகுகளைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வரும் கப்பல் அது. அதை மூன்றடி நீள மாதிரியாகச் செய்ய அவரே பிளான் வரைந்து, மேல்தட்டுப் பலகையையும் வெட்டி முடித்திருந்தார். அதற்குள் வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது.

"இனி பென்சில் பிடிக்க ஏலாது பாஸ். இருக்கிறது இந்த ஒரு பிளான்தான். என்னோட கப்பல்ல இருந்தவங்க மாசக் கடைசியில வீட்டுக்கு வாறாங்க. அதுக்குள்ள முடிச்சுத் தாங்க," என்றார்.

பிளானும் மேல்தட்டுப் பலகையுமாக பஸ்ஸில் வந்து இறங்கினால் அடைமழை. பிளான் ஊறிப்போனது. எனக்குத்தான் மூளை அதிகமாயிற்றே. கொழுந்து வாட்டும் மாடிக்குக் கொண்டுபோய், சூடான காற்று வரும் வலையின் மேல் விரித்தேன். ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிளானை மரத்தின் மேல் வைத்து, ஊசியால் குத்தி அளவெடுத்து வெட்டுவது என் வழக்கம். அப்படியே கப்பலின் குறுக்குச் சட்டங்களான விலாக்களில் மூன்றை வெட்டி மேல்தட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். பக்கத்துக்கு அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, குறைந்தது. அரை நூல்தானே என்பீர்கள். கப்பலின் பக்கமெல்லாம் கோணிக்கொண்டு போகும்.

மாடியில் வேலை செய்யும் செல்வி எட்டிப் பார்த்தாள். "ஏன் பாஸ், கொழுந்து வாடுற எடத்துல போட்டா கடதாசி மட்டும் வாடாம இருக்குமா?"

பிளானை மேல்தட்டின் மேல் வைத்துப் பார்த்தேன், சுருங்கித்தான் இருந்தது. அந்த மனுஷனால் திரும்ப வரைய முடியாது. மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை, சோறும் இறங்கவில்லை. நாலாம் நாள் பிளானையும் விலாக்களையும் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் போனேன்.

"நானா, ஒங்க பிளானக் கெடுத்துட்டேன். கொழுந்து வாட்டுற மாடியில காயப்போட்டதுல சுருங்கிருச்சு," என்றேன்.

அவர் விரித்துப் பார்த்தார். "மூலையில நம்பர் எழுதியிருக்கேனே, பாக்கலையா?"

"பாத்தேன். அது ஏதோ கப்பல் கணக்குன்னு விட்டுட்டேன்."

"ஒவ்வொரு விலாவோட அகலமும் உயரமும் அதுதான் பாஸ். கப்பல்ல நனையாத கடதாசி ஏது? நாங்க வரைஞ்ச கோட்ட நம்ப மாட்டோம், நம்பரத்தான் நம்புவோம்," என்று சொல்லிச் சிரித்தார்.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அவர் வீட்டில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

நம்பரைப் பார்த்து வெட்டினேன், எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. மாசக் கடைசியில் அவருடைய கப்பல் கூட்டாளிகள் நாலு பேர் வந்து கப்பலைச் சுற்றி நின்றார்கள். நானா இடது கையால் இஞ்சின் ரூமைத் தொட்டுக் காட்டினார். பிறகு கப்பலை விட்டுவிட்டு நான் பிளானை வாட்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிசகினால் அன்றைக்கே வேலை கொடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள். விலாக்களைத் திரும்ப வெட்ட மரம்கூட மிச்சம் இருந்தது. நான் மூன்று நாள் பட்டினி கிடந்ததுதான் வீண்.