ஐம்பது ஓவர்சைஸ்

ஒரு ஆளுக்குச் சாம்பார் வைக்க முடியாது. வைத்தால் மூன்று நாளைக்கு அதையே தின்ன வேண்டும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். மகளின் பிரசவம் பார்க்க ஓசூருக்குப் போன என் மனைவி, “மூணு மாசத்துல வந்துடுவேன்” என்று சொல்லித்தான் பஸ் ஏறினாள். அந்தப் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் பேசப் போயிருப்பேன். முதலியார்பேட்டை வீட்டில் நானும் டிவியும்தான். டிவியாவது ஏதாவது பேசுகிறது.

கத்தாரில் பதினான்கு வருஷம் ஜெனரேட்டர் ஆபரேட்டராக இருந்தேன். அந்த வருஷங்களில் இவள் நோணாங்குப்பத்தில், போட் ஹவுஸ் போகிற ரோட்டில், கரும்பு ஜூஸ் வண்டி போட்டிருந்தாள். அதற்கு ஒரு சின்ன டீசல் இன்ஜின். முதல் லீவில் வந்தபோது நானே பார்த்து, பேரம் பேசி, புதிதாக வாங்கிக் கொடுத்தது. அவள் ஓசூர் போன நாளிலிருந்து வண்டி வீட்டு ஓரமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

போன பொங்கலுக்குப் போனில் கேட்டேன், எப்போது வருகிறாய் என்று. சிரித்தாள். “வந்து என்னா பண்றது? வண்டி ஓடட்டும், வரேன்” என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள் என்று எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீரில் விழுந்தவனுக்குத் துரும்பு கிடைத்தாலும் போதுமே. மறுநாள் காலையே தார்ப்பாயை உருவிவிட்டேன்.

ஹேண்டில் போட்டுச் சுற்றினால் நீலப் புகையாகத் தள்ளி நின்றுபோனது. ரிங் தேய்ந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிட்டது. பிஸ்டனைச் சுற்றி வளையல் மாதிரி இருப்பதுதான் ரிங். அது தேய்ந்தால் ஆயில் மேலே ஏறி எரியும், உள்ளே காற்றை அமுக்க முடியாது. டீசல் இன்ஜினுக்கு அந்த அமுக்கம்தான் உயிர்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கவுண்டரில் முப்பது வயதுப் பெண்.

“ரிங் செட் ஸ்டாண்டர்டா, ஓவர்சைஸா சார்?”

“ஸ்டாண்டர்ட்தாம்மா. நான் வாங்குன இன்ஜின், எனக்குத் தெரியாதா?”

“பழச கொண்டாந்தீங்களா? சாம்பிள் பாத்துட்டுக் கொடுத்துடறேன்.”

“எதுக்கு? கத்தார்ல ரூம் சைஸ் இன்ஜின மேய்ச்சவன் நானு. இது கரும்பு வண்டி.”

வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்வது? அவள் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

புது ரிங்கைப் போட்டு இன்ஜினைப் பூட்டினேன். பிஸ்டன் தலையில் படிந்த கரியைக்கூட நான் துடைக்கவில்லை. ரிங்கை சிலிண்டருக்குள் விட்டு இடைவெளி பார்க்கவும் இல்லை. முதல் மாசம் வேலைக்கு வந்தவனுக்குக்கூட இதைச் சொல்லித்தான் கொடுப்போம். ஹேண்டிலைச் சுற்றினால் கைக்கு ஒரு கனமும் இல்லை, ராட்டினம் மாதிரி சுற்றுகிறது. அமுக்கமே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் கடைக்குப் போய் டப்பாவை கவுண்டரில் போட்டேன்.

“டூப்ளிகேட்ட என் தலையில கட்டிட்டீங்களா?”

அந்தப் பெண் அசரவில்லை. “பிஸ்டன கழட்டி எடுத்துட்டு வாங்க சார், அப்புறம் சண்ட போடலாம்.”

கழற்றிக் கொண்டுபோனேன். துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக் கரியைத் தேய்த்தாள். பிஸ்டன் தலையில் எண் தெரிந்தது. 050.

“இது போர் போட்ட இன்ஜின் சார். சிலிண்டர் தேஞ்சுபோயி, லேத்துல கொடுத்துக் கடைஞ்சி, பெரிய பிஸ்டன் போட்டிருக்காங்க. அம்பது ஓவர்சைஸ். உங்க ஸ்டாண்டர்ட் ரிங் இதுல எப்படி நிக்கும்?” கொஞ்சம் தயங்கிக் கேட்டாள், “உங்களுக்குத் தெரியாம யாரு சார் போட்டது?”

யார் போட்டிருப்பார்கள்? வாரம் ஒரு தடவை வெள்ளிக்கிழமை கத்தாரிலிருந்து பேசுவேன். முதல் கேள்வி “இன்ஜின் ஓடுதா?” “ஓடுது” என்பாள். “நீ எப்படி இருக்க?” “ஓடுது.” அவ்வளவுதான், எனக்கு நிம்மதி. அடுத்தது பிள்ளையின் படிப்பு, அப்புறம் போன் கார்டில் காசு தீர்ந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள், நானும் பதினான்கு வருஷம் அந்தச் சோற்றையே சாப்பிட்டிருக்கிறேன். கடையில் நிற்க வெட்கமாக இருந்தது. சரியான செட்டை வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் துடைத்து, அளந்து பூட்டினேன். சாயங்காலம் இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. துளிப் புகை இல்லை. தெருவில் யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. கூப்பிட யாரும் இல்லை. ஓசூருக்குப் போன் போட்டு, இன்ஜின் பக்கத்தில் பிடித்தேன்.

“கேக்குதா?”

“கேக்குது. நம்ப வண்டியா? நல்லா ஓடுதே!”

“போர் போட்டத ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க இன்ஜின் ஓடுதான்னுதான கேட்டீங்க? ஓடுச்சு. ஓடுதுன்னேன். அவ்ளோ தூரத்துல இருக்கிற மனுசன்கிட்டச் சொல்லி என்னா ஆவப்போவுது?”

“லேத்துக்கு யாரு தூக்கிட்டுப் போனது?”

“யாரு இருந்தா? நான்தான். கோணியில கட்டி, பஸ் மாறி சேதராப்பட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். ஏறும்போது ஒருதரம் விழுந்துகூடத் தொலைச்சேன்.” சிரித்தாள்.

நான் இன்ஜினை நிறுத்தினேன். எப்போது வருகிறாய் என்று கேட்கத்தான் அன்றைக்குப் போன் போட்டதே. அதைக் கேட்காமல் விட்டேன்.

“நீ எப்படி இருக்க?”

“ஓடுது.”

“ஓடுதுன்னா எப்படி? நின்னு நின்னு ஓடுதா? சத்தம் வருதா? எங்க தேஞ்சிருக்கு? மறைக்காம சொல்லு.”

திட்டுவாள் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சாம். மாத்தணும்னு சொல்றாரு டாக்டரு. அஞ்சு நிமிசம் சேந்தாப்ல நிக்க முடியல. அங்க வந்து வண்டியில எப்படிங்க நிப்பேன்?”

அவளை நிற்கவைக்கத்தான் நான் இத்தனை நாள் அந்த வண்டியைப் பழுது பார்த்திருக்கிறேன்.

“எப்பலேர்ந்து?” என்று கேட்டேன்.

“போர் போட்ட வருஷத்துலேர்ந்து” என்றாள்.