இரும்புக் கடையில் நின்ற படகு

"படிச்ச பொண்ணு, இந்த ஓட்டைப் படகை வச்சி என்னாம்மா பண்ணப்போற?" என்றார் மூலக்குளத்துப் பழைய இரும்புக் கடைக்காரர். காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ் செருகியிருப்பார்.

"தட்டிச் சரிபண்ணா எங்கப்பா மீன் பிடிப்பாரு."

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அலுமினியப் படகைச் சரிசெய்யும் விதத்தை இன்டர்நெட் சென்டரில் தேடிப் படித்திருந்தேன். அதன்படி உள்ளே தண்ணீர் நிரப்பினேன். வெளியே தண்ணீர் ஒழுகிய ரிவெட் ஆணிகளை அவரே சாக்பீஸால் வட்டமிட்டார்.

எதையும் உடைத்து விற்பவர் இதை மட்டும் ஏன் விட்டுவைத்தார் என்று கேட்டேன்.

"மத்தியானம் இதுல உக்காந்துதான் சாப்புடுவேன். நல்லா காத்து வரும்."

அந்தக் கடையில் காற்று நுழைய வழியே இல்லை.

"சரி, எடுத்துக்கிட்டுப் போ" என்றார், படகைப் பார்க்காமல்.

படகில் அவர் உட்காரும் மரப்பலகையைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டேன். எங்கள் ஊரான வீராம்பட்டினம் போகும் வழியிலேயே தச்சரிடம் வேறு பலகைக்கு அளவும் கொடுத்துவிட்டேன்.