ஆலங்கட்டி காய்த்த மரம்

அச்சகத்தில் அவருக்கு ஒற்றக்கா என்று பெயர். க், ச், த், ப் என்று எந்த ஒற்று எங்கே விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவார். அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறார். ஊரார் எழுதிய லட்சக்கணக்கான வரிகளைச் சரிசெய்தவருக்குச் சொந்தமாக ஒரு வரிகூட அச்சேறியதில்லை.

அன்று காலை மேசைக்கு வந்தது குழந்தைகளுக்கான மழைப் புத்தகம். ஒன்பதாம் பக்கத்தில் 'ஆலங்கட்டி மழை'. எழுத்தில் குற்றமில்லை, படத்தில்தான் கோளாறு. விழுதுகளோடு பெரிய ஆலமரம். கிளைகளிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் கொட்டுகின்றன. 'ஆல்' என்று பார்த்ததும் ஓவியர் மரத்தை நட்டுவிட்டார்.

ஒற்றக்கா தாளை எடுத்துக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனார்.

"சார், இந்தப் படம் போகக் கூடாது. பிள்ளைங்க இது மரத்துல காய்க்குதுன்னு நினைச்சுக்கும்."

"உங்க வேலை எழுத்து பாக்குறதும்மா. மத்தியானம் மெஷின்ல ஏறணும்."

"ஆலம்னா தண்ணி சார்."

முதலாளி லேசுப்பட்டவர் இல்லை. அலமாரியிலிருந்து அகராதியை இறக்கிப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "ஆலம்னா நீர், நஞ்சு, ஆலமரம். மரமும் இருக்கே! இப்ப என்ன சொல்றீங்க?"

ஒற்றக்காவும் அகராதியை எட்டிப் பார்த்தார். விட்டுக்கொடுத்தால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் மண்டையில் அந்த மரம் வேர்விட்டுவிடும். அப்புறம் யார் போய்ப் பிடுங்குவது? விறுவிறுவென்று வெளியே போனார். சாப்பாட்டு அறை ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டோடு திரும்பி வந்து, முதலாளியின் டீ சாசரில் கவிழ்த்து ஓங்கித் தட்டினார்.

"இந்த மூணுல எது சார் உறைஞ்சு கட்டியாகும்? மரமா, விஷமா?"

முதலாளி ஐஸைப் பார்த்தார், அகராதியைப் பார்த்தார், சிரித்துவிட்டார். ஃபோனில் ஓவியரைப் பிடித்து, "தம்பி, மரத்தை வெட்டிடு. மேகத்தை வை" என்றார். பிறகு தாளை நீட்டினார். "படத்துக்குக் கீழ ஒரு வரி விளக்கம் வேணும். நீங்களே எழுதிடுங்கக்கா."

ஒற்றக்கா எழுதினார்: 'ஆலம் என்றால் நீர், நீர் உறைந்து கட்டியாக விழுந்தால் ஆலங்கட்டி.'

மெஷின் ஓடும்போது சாயங்காலமாகிவிட்டது. முதல் தாளை மை காய்வதற்குள் உருவிக்கொண்டு அச்சகம் முழுவதும் சுற்றி வந்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை, மறைக்கவும் முயலவில்லை.

"நல்லாப் பாருங்கப்பா, பிழை இருக்கா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்.

ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.