ரஞ்சினி திருத்திய சொல்

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே மனைவி சொன்னாள்: "அன்சரிங் மெஷினைக் கேளுங்கோ. நான் ரண்டு தரம் கேட்டிட்டன்." ரஞ்சினியின் கணவரின் குரல். "அண்ணை, ரஞ்சினி இண்டைக்குக் காலமை எங்களை விட்டிட்டுப் போயிட்டா." அவ்வளவுதான் இருந்தது. ரஞ்சினி பல மாதங்களாக வைத்தியசாலையில் இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷி நோய்க்கு மட்டும் விட்டுக்கொடுப்பாரா என்று ஒரு அசட்டு நம்பிக்கை. சப்பாத்தோடு அப்படியே இருந்துவிட்டேன்.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கல்லூரியின் மாணவர் சேவைக் கவுண்டரில் அவரைக் கண்டவர்கள் இதை வாசிப்பீர்கள். படிவம் நிரப்பத் தெரியாமல் நின்ற எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் 'கவுண்டர் அக்கா'. உங்களுக்கு அவரைப் படிவத்தில் தெரியும். எனக்குச் சண்டையில் தெரியும்.

நான் மிசிசாகாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவன். ஊரில் பத்திரிகையில் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்குநராக இருந்தவன் என்ற திமிர் மட்டும் குறையவில்லை. ஓய்வு நேரத்தில் மொழிபெயர்ப்பேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கல்லூரி, மாணவிகள் மீதான பாலியல் வன்முறையைத் தடுப்பது பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் போட்டது. தமிழாக்கம் என்னிடம் வந்தது. இதைச் செய்பவர் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்த ஒருவராகவே இருப்பார் என்று ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளைக்காரரின் கதை, எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் என்று நினைத்து, 'முன்பின் தெரியாத ஆண்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்' என்று நானே மாற்றி எழுதினேன். மாற்றியதை யாருக்கும் சொல்லவுமில்லை.

அச்சாகி இரண்டாம் கிழமை ரஞ்சினி பார்க்டேலில் இருந்த எங்கள் அப்பார்ட்மெண்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பெட்டி நிறையத் துண்டுப்பிரசுரம். தேத்தண்ணியைக் கூடத் தொடவில்லை.

"அண்ணை, இந்த வரி உங்கட வரியோ, கல்லூரிக்காரரின்ர வரியோ?"

"என்ர வரிதான். எங்கட சனத்துக்குப் பொருந்த வேணுமெல்லோ. தெரிஞ்ச பெடியளை எல்லாம் சந்தேகப்படச் சொல்லுறீரோ?"

"நான் உங்களை அண்ணை எண்டுதான் கூப்பிடுறன். அதுக்காக உங்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?"

எனக்கு முகம் சுட்டுவிட்டது. மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். ரஞ்சினி குரலைத் தணித்து விஷயத்தைச் சொன்னார். ஒரு மாணவிக்கு வகுப்பு முடிய இருட்டிவிடும். பஸ்ஸில் வருவது ஆபத்து என்று தாய், ஊர்க்காரப் பையன் ஒருவனின் காரில் வர ஏற்பாடு செய்திருந்தார். அவனும் அதே கல்லூரி. வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறவன். அவளுக்கு அவன் 'அண்ணா'. போன வெள்ளி அவன் அவள் வீட்டுத் தெருவில் திரும்பாமல், ஆளில்லாத ஒரு கார் பார்க்கில் நிறுத்திக் கையைப் பிடித்திருக்கிறான். அவள் அழுது கத்தியதில் வீட்டில் கொண்டுபோய் விட்டானாம். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பிரசுரத்தை எடுத்து வாசித்துவிட்டு அந்தப் பிள்ளை கேட்டதாம்: "அக்கா, இதில தெரியாத ஆள் எண்டுதானே இருக்கு? அவர் ஸ்ட்ரேஞ்சர் இல்லையே. அப்ப நான்தான் ஓவரா நினைக்கிறனோ?" வருகிற வெள்ளியும் அவள் அதே காரில் ஏற வேண்டும்.

நான் நீதிமன்றத்தில் நிற்பதுபோல நின்றேன். மன்னிப்புக் கேட்டேனா என்பது நினைவில்லை. அன்று பின்னேரம் மூன்று பேருமாக இருந்து, சரியான வரியைத் தட்டச்சுச் செய்து, கீலம் கீலமாக வெட்டி, ஒவ்வொரு பிரதியிலும் என் வரியின் மேல் ஒட்டினோம். கோணலாக ஒட்டியதை ரஞ்சினி கிழித்துத் திரும்ப ஒட்டவைத்தார்.

வியாழக்கிழமை, அந்தப் பிள்ளையே கேட்டதற்கிணங்க, ரஞ்சினி தாயைப் பார்க்கப் போனார். அவருக்குக் கார் ஓடத் தெரியாது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தாய் நல்ல மனுஷி. மாலைநேர வேலைக்குப் போகிறவர். "அவன் எங்கட பெடியன். அப்பிடி என்ன நடந்தது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"அன்ரி, பிள்ளை அவனோட வரமாட்டன் எண்டு சொல்லுது. அது போதாதோ?" என்று ரஞ்சினி கேட்டார்.

தாய் மகளைப் பார்த்து, "அப்ப பஸ்ஸில வா. ஸ்டொப்பில நான் நிக்கிறன்" என்றார். வெள்ளிக்கிழமை அவள் காரில் ஏறவில்லை. தாய் அன்றிலிருந்து வேலையில் மணித்தியாலத்தைக் குறைத்துக்கொண்டு பஸ் தரிப்பில் நின்றார். அந்தப் பிள்ளை படித்து முடித்துவிட்டாள். அதற்கு மேல் அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. ஒன்று மட்டும்: காரை ஓட்டியவனுக்கு எதிராகக் கல்லூரியில் முறைப்பாடு எழுத அவள் துணிந்தபோது பக்கத்தில் ரஞ்சினி இருந்தார்.

அதோடு விடுகிற ஆளா அவர்? கல்லூரித் தமிழ் மாணவரின் கலைவிழா ஒத்திகைக்கு வந்த பையன்களை மறித்து இருத்தி வைத்து இதைப் பற்றிக் கதைத்தார். பெண்பிள்ளைகளுக்கு உடுப்பைப் பற்றியோ நேரத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒருவன் எழும்பி, "அக்கா, எங்களை எல்லாம் கள்ளர் எண்டுறீங்களோ?" என்று சீறினான். "இல்லைத் தம்பி. கள்ளனை நம்பி ஆரும் காரில ஏறமாட்டினம். உம்மை நம்பித்தான் ஏறுகினம். அதாலதான் உம்மோட கதைக்கிறன்" என்றார். அடுத்த வருடம் புதிய மாணவர்களிடம் அதே பேச்சைப் பேசியவன் அவன்தான்.

அவரோடு வேலை செய்வது லேசில்லை. என் வசனங்களைச் சிவப்பு மையால் வெட்டுவார். நான் கோபித்தால், "அண்ணைக்குத் தமிழ் நல்லா வரும், உண்மைதான் கொஞ்சம் பிந்தி வரும்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு இனி இல்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

செத்தவீட்டுக்கு அடுத்த நாள், இந்த வருடம் கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருக்கும் என் மகளுக்கு, எங்கள் சிநேகிதர் ஒருவரின் மகன் தினமும் தன் காரில் ரைட் தருவதாகச் சொன்னான். நல்ல பையன். எனக்கு நன்றாகத் தெரிந்த பையன். மகளைப் பார்த்து, "உனக்கு விருப்பமோ?" என்று கேட்டேன்.

"இல்லை அப்பா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. ரஞ்சினியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.