பிட்டர் வீரமுத்து முறுக்கிய கம்பி

அன்று காலை எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டில் இலை ஊதும் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. வீரமுத்து அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார் என்று நினைத்தேன். மூச்சு முட்டுகிறது என்று தூக்கிக்கொண்டு போன ஆள் ஒரே வாரத்தில் வந்து இலை ஊதுகிறாரே, படுத்ததே நடிப்பாக இருக்குமோ என்றும் நினைத்தேன். அவரை அறிந்தவர்கள் இதைப் படிக்கும்போது என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். எதையும் மறைக்காமல் எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மிஷின் நின்றது. உடனே என் போன் அடித்தது. அவருடைய மகள் கலா.

"சித்தப்பா, அப்பா விடியக்காலையில போயிட்டாரு. ஆளுங்க வருவாங்கன்னு நான்தான் வாசல சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், கையில் மிஷினோடு நின்றபடிதான் அவள் பேசிக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம். நேரில் வந்து சொல்லத் தயங்கும்படி நான் நடந்துகொண்டிருந்தேன்.

வீரமுத்து அண்ணன் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். கொழுந்தை வாட்டும் மாடியில் ஓடுகிற பெரிய காற்றாடிகள் எல்லாம் அவர் பொறுப்பு. காற்று சரியாக வருகிறதா என்று கருவியை வைத்துப் பார்க்க மாட்டார், புறங்கையை நீட்டிப் பார்ப்பார். நான் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆணி முதல் பேரிங் வரை வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. சந்தேகப்படுவதற்காகவே என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள் என்று சொல்லலாம். ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் பையையும் சாப்பாட்டு அடுக்கையும் திறந்து பார்ப்பேன். பலருக்கு முகம் சுருங்கும். அவர் மட்டும் நான் கேட்பதற்கு முன்பே அடுக்கின் மூடியைத் திறந்து நீட்டுவார். "பாத்துக்கோங்க கிராணி. நீங்க பாக்காம விட்டா எனக்கே என்மேல சந்தேகம் வந்துரும்லா" என்பார். இவ்வளவு தாராளமாகக் காட்டுகிறவர் வேறு எங்கோ ஒளித்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். முப்பது வருடத்தில் ஒரு வாஷர்கூடக் கிடைத்ததில்லை. கிடைக்காததே எனக்கு உறுத்தலாக இருந்தது.

வேலையை விட்ட பிறகு, தோட்டத்துச் சரிவுக்குக் கீழே அடுத்தடுத்த வீடுகளில் குடியேறினோம். இரண்டு வீட்டுக்கும் மேலே தைல மரங்கள் வரிசையாக நிற்கின்றன. வருடம் முழுக்க இலை உதிரும். இரண்டு வாசலுக்கும் நடுவே கம்பி வேலி, அதில் ஓர் ஆள் நுழைகிற சின்னக் கேட்டு. பல வருடம் அது திறந்தேதான் கிடந்தது.

அவருக்கு முழங்கால் போய்விட்டது. குனிந்து கூட்ட முடியவில்லை. ஈப்போவில் இருக்கும் கலா, ஒயர் இல்லாமல் பேட்டரியில் ஓடுகிற இலை ஊதும் மிஷினை வாங்கி அனுப்பினாள். ஒயர் இல்லாமல் ஓடுகிற எதையும் நான் நம்புவதில்லை. அவரோ புது மாப்பிள்ளை கணக்காய் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். ஒரு பேட்டரி ஓடும்போது இன்னொன்று சார்ஜ் ஏறும். கண்ணுக்குப் பழைய வெல்டிங் கண்ணாடி. வெயில் ஏறி இலை காயும் வரை தொடமாட்டார். சுவரோரத்தில் தொடங்கி, மிஷினின் மூக்கைத் தரையோடு தாழ்த்திப் பிடித்து, இடமும் வலமுமாக வீசிக்கொண்டே வாசலை நோக்கி நடப்பார். "ஈர எலைய ஊதக்கூடாது கிராணி. ஊதினா இன்னும் நல்லா ஒட்டிக்கும். காஞ்சா அதுவே எந்திரிக்கும்" என்பது அவர் கண்டுபிடிப்பு.

அவர் ஊத ஆரம்பித்த பிறகு என் வாசலில் இலை கூடிவிட்டதாக எனக்குப் பட்டது. என் மனைவி பாக்கியம், "காத்துக்கு வேலி தெரியுமா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒருநாள் அவர் எழுந்து வருவதற்கு முன்னால் கேட்டைத் தாண்டிப் போய், அவர் பக்கம் கிடந்த பத்துப் பன்னிரண்டு இலைகளில் சிவப்புப் பேனாவால் என் சுருக்கக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தேன். ஸ்டோர் பழக்கம். என் பக்கம் அவற்றில் ஒன்று வந்தாலும் கையும் களவுமாகப் பிடிக்கலாம். இரண்டு நாள் தேடினேன், ஒன்றுகூட வரவில்லை. மூன்றாம் நாள் அவர் கேட்டருகே வந்து, வாசலோரச் சாக்கடையில் எடுத்த ஓர் இலையை நீட்டினார்.

"கிராணி, நீங்க கையெழுத்துப் போட்ட சரக்கு ஒன்னு என் லோங்காங்ல கெடந்துச்சு. வெளிய போறதுக்கு முன்னால உங்ககிட்ட காட்டிட்டுப் போகணும்ல?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, மிஷின் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று எரிந்து விழுந்தேன். "அப்படியா? நான் கவனிக்கலியே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இதுவரை சொன்னது சில்லறைச் சந்தேகம். இனிமேல் சொல்வதுதான் என்னைத் தின்கிறது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, கதவைத் திறந்தால் என் வாசற்படியில் பாதி எலுமிச்சம்பழம் கிடந்தது. வெட்டிய பக்கம் நிறையக் குங்குமம். நம் ஆட்கள் யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் வீரமுத்து அண்ணன், எதையோ தொலைத்தவர் போல, என் வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று உள்ளே போய்விட்டார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, மழைக்குப் பிறகு வாசலில் இறங்கிய பாக்கியம் ஈர இலையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கட்டுப் போட்ட உடனே நான் கோலா தெர்லாவில் மந்திரிக்கிற ஒருவரிடம் ஓடினேன். அவர் கண்ணை மூடி நெடுநேரம் இருந்துவிட்டு, "இது காத்து வழியா வந்துருக்குலா" என்றார். காற்று வழியாக! நான் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் சொன்னார். பக்கத்து வீட்டில் காற்றையே தோளில் மாட்டிக்கொண்டு திரிகிற ஆளை நினைத்துக்கொண்டேன். பழத்தை முச்சந்தியில் புதைத்தேன். சின்னக் கேட்டைச் சாத்திக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். ஒருமுறை கதவைத் தட்டி "கிராணி, தங்கச்சிக்கு கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் உள்ளே இருந்துகொண்டே பதில் சொல்லவில்லை.

பிறகு இன்னொன்று தொடங்கியது. செவ்வாய்க்கிழமைகளில் பாக்கியத்தின் கையைக் காட்ட இருவரும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவோம். திரும்பி வந்தால் எங்கள் வாசலில் ஓர் இலைகூட இருக்காது. ஒரு காலடித் தடம்கூட இருக்காது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளே வந்து எதையோ புதைத்துவிட்டு, தடம் தெரியாமல் ஊதிவிட்டுப் போகிறார் என்று முடிவு செய்தேன். சாட்சியும் இருந்தது. நான் இடதுகைக்காரன், கம்பியை இடப்பக்கமாக முறுக்குவேன். திரும்பி வரும்போது அது வலப்பக்கமாக முறுக்கியிருக்கும். அதே மூன்று சுற்று, நுனி யார் கையையும் கீறாதபடி உள்ளே மடக்கி, சுத்தமான பிட்டர் வேலை. நான் அதைப் பிரித்து மறுபடி இடப்பக்கம் முறுக்குவேன். அடுத்த செவ்வாய் மறுபடி வலப்பக்கம். நாலு மாதம் நாங்கள் இருவரும் அந்தக் கம்பி வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. வாசலோரத்தில் மூன்று இடத்தில் மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். பாக்கியம் வைத்திருந்த ரோஜாவின் வேர்தான் அறுந்தது.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாக்கியம் மட்டும் போய்ப் பார்த்தாள். "கிராணி வரலியா?" என்று கேட்டாராம். நான் பிரிஞ்சாங்கில் வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். வேலை ஒன்றும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். அவரைப் பற்றி ஆளுக்கொரு வேடிக்கை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கலாவும் சொன்னாள்.

"ஆயுத பூஜைக்கு நான் வந்திருந்தப்ப, அப்பா அந்த மிஷினுக்கும் பொட்டு வச்சாரு. லோரிக்கு வைக்கிற மாதிரி டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கணும்ல, இதுக்கு ஏது டயரு? பழத்த வெட்டி குங்குமம் தடவி, பாதிய அது மூக்குக்குள்ள வச்சிட்டாரு. மறுநாள் மறந்துட்டு சுவிச்ச அழுத்தினாரு. நான் வாசல்லதான் நிக்கிறேன். பழம் பறந்துச்சு பாருங்க! சித்தப்பா வீட்டுக் கூரையில விழுந்துருச்சுன்னு அப்பா தேடிக்கிட்டே இருந்தாரு."

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கோலா தெர்லாக்காரர் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. காற்று வழியாகத்தான் வந்திருக்கிறது. நான் மட்டும் சிரிக்கவில்லை என்பதைக் கலா கவனித்துவிட்டாள். சத்தத்தால்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டு என்னருகே வந்து உட்கார்ந்தாள்.

"சத்தம் உங்களுக்கு ஆகலன்னுதான் சித்தப்பா, நீங்க டவுனுக்குப் போற நேரம் பாத்து போடுவாரு. சித்தி வழுக்கி விழுந்ததுல இருந்து அப்பாவுக்கு மனசே சரியில்ல. ஒட்டிக்கிட்டிருக்கிற ஈர எலைய முதல்ல குனிஞ்சி குனிஞ்சி வாரிட்டு, அப்புறம் உங்க வாசல ஊதிட்டு வருவாரு. அந்த முட்டிய வச்சிக்கிட்டு. என்ன கோவம்னு போயி கேளுங்கப்பான்னு சொன்னேன். கிராணி கோவம் இன்னும் ஈரமா இருக்கு, காயட்டும்னாரு."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அழுதேன். அவரிடம் எதைத் தேடினேனோ அது முப்பது வருடம் கிடைக்கவில்லை, கடைசியில் நானே செய்து வைத்துக்கொண்டேன். ஓர் எலுமிச்சம்பழத்தைப் பற்றி, "அண்ணே, இது உங்களுடையதா?" என்று வேலியருகே நின்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவர் மூடியைத் திறந்து காட்டியிருப்பார். அந்த மனிதருக்கு வேறு எதுவும் தெரியாது.

கலா ஈப்போவுக்குத் திரும்பும்போது மிஷினை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வெயில் ஏறிய பிறகு இரண்டு வாசலையும் ஊதுகிறேன். அவரைப் போல எனக்கு வரவில்லை. பாதி இலை என் காலையே சுற்றிக்கொள்கிறது. பேட்டரியில் பச்சை விளக்கு எரிந்தாலும் உண்மையிலேயே நிறைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்கிறேன். அந்தக் குணம் போகாது போலிருக்கிறது.

அவருக்கு மூச்சு முட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அன்று நாங்கள் டவுனிலிருந்து வந்தபோதும் எங்கள் வாசல் சுத்தமாகத்தான் இருந்தது. அந்தக் களேபரத்தில் கேட்டுக் கம்பியைப் பிரித்து என் பக்கமாக முறுக்க மறந்துபோனேன். அது இன்னும் வலப்பக்கமாக, மூன்று சுற்று, நுனி உள்ளே மடங்கி அப்படியே இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். அவர் வாசலை ஊத, கம்பியைப் பிரிக்காமல், மிஷினைத் தூக்கிக்கொண்டு ரோட்டைச் சுற்றித்தான் போகிறேன்.