துர்காதேவி தறியை நிறுத்திய மூன்று நாள்

உருகுவே எங்கே இருக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் உலகப் படத்தில் விரல் வைக்கக்கூடியவள் எங்கள் தெருவில் ஒருத்திதான் உண்டு. என் எதிர்வீட்டு துர்காதேவி. பன்னிரண்டாம் வகுப்பில் புவியியலுக்கு நூற்றுத் தொண்ணூற்று நான்கு மதிப்பெண் வாங்கியவள். கல்யாணமாகி காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வந்த இந்தப் பதினெட்டு வருடத்தில் அதை என்னிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பாள். ஆனால் அவள் பார்த்த தூர தேசம் திருப்பதிதான். மற்ற வீடுகளில் காலண்டர் தொங்கும் ஆணியில் அவள் உலகப் படத்தை மாட்டி வைத்திருக்கிறாள். நூலுக்குப் போட்ட சாயம் தெறித்து ஆப்பிரிக்கா பாதி அரக்கு நிறமாகிவிட்டது.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பகல்நேர மையம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. அங்கே தொண்டு செய்ய வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வருகிறாள், ஆறு மாதம் தங்க ஒரு குடும்பம் தேவை என்று கேள்விப்பட்டதும் துர்காதேவி ஓடிப்போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள்.

"தறி வச்சிருக்கிற வூட்ல வெள்ளைக்காரி எங்கடி படுப்பா?" என்று கேட்டேன். "சின்ன காஞ்சிபுரத்துல ஏசி ரூமோட ஒரு வூடு ரெடியா இருக்குதாம்."

"இருக்கட்டும்க்கா. நாமதான் எந்த ஊருக்கும் போவல. ஒரு ஊராவது நம்ம வூட்டுக்கு வரட்டுமே" என்றாள்.

மையத்து ராமராஜன் சார் கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வருகிற விருந்தாளி மூன்று நாள் ஓய்வெடுத்து வீட்டோடு பழகுவாள். திங்கட்கிழமை காலை அவரே வந்து கேட்பார். பிடித்திருந்தால் ஆறு மாதமும் இங்கே. இல்லையென்றால் அன்றைக்கே ஏசி அறை வீட்டுக்குப் போய்விடுவாள். கூடவே ஒரு காகிதமும் கொடுத்தார். சுத்தமான குடிநீர், கதவுக்குத் தாழ்ப்பாள், கழிப்பறையில் வெளிச்சம் என்று வரிசையாகப் போய், கடைசி வரியில் 'அமைதியான சூழல்' என்று இருந்தது.

அந்தக் கடைசி வரியில்தான் வந்தது வினை. எங்கள் தெருவில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒரே சத்தம்தான், தறிச் சத்தம். அது எங்களுக்குக் காதில் விழுவதே இல்லை. துர்காதேவிக்கு அன்று முதல்முறையாக விழுந்தது. வியாழக்கிழமை மாலையே தறியின் மேல் பழைய புடவையைப் போட்டு மூடினாள். அவள் புருஷன் லோகேஷ் மறுமுனையைப் பிடித்து இழுத்து விட்டான். தடுத்தும் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். அடுத்து என் வீட்டுக்கு வந்தாள்.

"ரேணுகாக்கா, மூணே மூணு நாளு. உங்க தறியும் ஓடக் கூடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகூர்த்தப் புடவை பாதியில் நிற்கிறது. "எவளோ வர்றதுக்கு நான் இன்னாத்துக்குடி கைய கட்டிக்கினு உக்காரணும்?" என்று கத்தி அனுப்பினேன். மறுநாள் காலை தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தேன். மிதியின் மேல் கால் போகவில்லை. அவள் முகம்தான் கண்ணில் நின்றது. ஏறி வந்துவிட்டேன். அக்கம்பக்கத்து இரண்டு வீடுகளிலும் இதே கதைதான்.

வருகிறவள் காலேஜ் பெண் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். துர்காதேவி கிளிப்பும் கொலுசும்கூட வாங்கி வைத்திருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியவளுக்கு வயது அறுபத்திரண்டு! ஆறடி உயரம், வெள்ளைக் கிராப்பு. வாசற்படி தாண்டும்போதே நிலையில் மண்டை இடித்துக்கொண்டு, அந்த அம்மாளே முதலில் சிரித்தாள். பெயர் மார்த்தா, நாடு உருகுவே. தன் ஊரில் முப்பத்தொரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவள் என்று ராமராஜன் சார் சொன்னதும் தெருவே கூடிவிட்டது.

"பஸ்ஸாமா! முப்பத்தொரு வருசமாமா!"

துர்காதேவி தண்ணீர்கூடக் கொடுக்காமல் அவளை உலகப் படத்துக்கு முன்னால் இழுத்துப் போனாள். மார்த்தா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் துர்காதேவி உருகுவேயின் மேல் விரலை வைத்துவிட்டாள். மார்த்தா அந்த விரலைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், கத்தியே விட்டாள். இவளும் கத்தினாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு குதித்ததில் கொடியில் காய்ந்த துணி விழுந்தது. கொலுசு காலில் ஏறவில்லை, கிளிப் மட்டும் அந்தக் கிராப்பில் எப்படியோ நின்றது. அன்றைக்கு எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

ஆனால் சனிக்கிழமை மார்த்தாவின் சிரிப்பு குறைந்தது. மூடிக் கிடந்த தறியைப் பார்ப்பாள், சும்மா உட்கார்ந்திருக்கும் லோகேஷைப் பார்ப்பாள், என் வீட்டுப் பக்கம் பார்ப்பாள். போனில் ஏதோ தட்டி, தமிழாக்கிக் காட்டுவதற்குள் அழித்துவிடுவாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை துணிகளை மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள்.

துர்காதேவி என்னிடம் ஓடி வந்தாள். "பொங்கல்ல மொளகு ஜாஸ்தியா போட்டுட்டனாக்கா? ஃபேன் சத்தம் கேக்குதா? அதையும் நிறுத்தட்டா?"

"போடி பைத்தியம்" என்றேனே தவிர, நானும் போய் அந்தப் பையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை ராமராஜன் சார் ஆட்டோவோடு வந்தார். மார்த்தா பையுடன் வெளியே வந்து ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துர்காதேவி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"உங்கள மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாங்கன்னு சொல்றாங்கம்மா. ஆனா இங்க இருக்க மாட்டாங்களாம்" என்றார் அவர்.

"ஏன் சார்?"

"இவங்க வந்ததுலேர்ந்து உங்க தறி ஓடலியாம். எதிர்வூட்லயும் ஓடலியாம். உதவி செய்ய வந்துட்டு நாலு குடும்பத்துப் பொழப்ப நிறுத்திட்டேனேன்னு அழுவுறாங்க."

துர்காதேவி உள்ளே போய் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "அமைதியான சூழல்னு நீங்கதான சார் எழுதிக் குடுத்தீங்க?"

ராமராஜன் சார் தலையில் அடித்துக்கொண்டு மார்த்தாவுக்கு விளக்கினார். அவள் வாயைப் பிளந்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, முப்பத்தொரு வருசம் இன்ஜின் பக்கத்துல உக்காந்தவங்களாம் இவங்க. சத்தம் இல்லன்னா தூக்கமே வராதாம். மூணு நாளா கண்ண மூடலியாம்!"

அவர் சொல்லி முடிக்கவில்லை. துர்காதேவி தறியை மூடியிருந்த பழைய புடவையை உருவி எறிந்துவிட்டுத் தறிக்குழிக்குள் குதித்தாள். தடக், தடக் என்று தெருவுக்கு உயிர் வந்தது. இந்த வயதில் நானும் என் தறிக்கு ஓடினேன். என் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். மார்த்தா எழுந்து பையைத் தூக்கினாள். ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பினார். அவளோ குனிந்து, இந்த முறை இடித்துக்கொள்ளாமல், வீட்டுக்குள் நுழைந்து தறிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்தாள். மையத்து வேலையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ராமராஜன் சார் ஆட்டோவை அனுப்பிவிட்டார்.

கால் மணி நேரம் கழித்து, மனசு கேட்காமல் போய் எட்டிப் பார்த்தேன். பாயைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன இரண்டு பெரிய பாதங்கள். குறட்டை தறிச் சத்தத்தோடு போட்டி போட்டது.

"தூங்குறாங்க பாரு, நிறுத்து" என்று லோகேஷ் பதறிக் கையைக் காட்டினான்.

"நிறுத்தினா முழிச்சிக்குவாங்க" என்றாள் துர்காதேவி, தறி நாடாவைத் தள்ளிக்கொண்டே.